இல்லையெனில் ஸ்டோரக்கா

காலை ஏழு பத்துக்குக் கரண்ட் போயிற்று. அதற்காக யாரும் அலறிவிடவில்லை. மூன்று நாளாகக் கொட்டித் தீர்க்கிற மழையில் அது போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். முப்பத்துநான்கு முதியவர்கள் தங்கியிருக்கும் அந்த இல்லத்தில் கரண்ட் போனால் ஒரு நிமிடம் இருட்டாக இருக்கும், பிறகு பின்பக்கக் கொட்டகையில் ஜெனரேட்டர் கனைத்துக்கொண்டு எழும், விளக்குகள் வரும். அவ்வளவுதான் வழக்கம். அன்றைக்கு ஒரு நிமிடம் போயிற்று, மூன்று நிமிடம் போயிற்று, ஒன்றும் கனைக்கவில்லை. அதைக் கிளப்புகிற எலக்ட்ரீஷியன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். பாலத்தை முந்தின நாள் சாயங்காலமே மூடிவிட்டார்கள்.

அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர் அவர் ஒருவர் மட்டுமா? மேனேஜர், தலைமைச் சமையற்காரர், பெரிய நர்ஸ், டிரைவர் என்று யார் யாருக்கெல்லாம் தனி நாற்காலி உண்டோ அவர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம்தான். இல்லத்துக்குள் இருந்தது இரவு வேலைக்கு வந்து வீடு திரும்ப முடியாமல் போன ஐந்து பேர். நர்ஸம்மா, வாட்ச்மேன், சமையலில் உதவிக்கு நிற்கிற ஒல்லி மனிதர், மாடியில் இரண்டு ஆயாக்கள். ஒல்லி மனிதரை எல்லாரும் 'கரண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள்; அவர் உடம்புவாகைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஆறாவது ஆள் ஸ்டோரக்கா. வயது ஐம்பத்துநான்கு. இல்லத்தின் சோப்பு, படுக்கைவிரிப்பு, டயபர், பல்பு, பினாயில் எல்லாம் அவள் பொறுப்பு. வீடும் இல்லத்துக்குப் பின்னாலேயே ஒரு அறை. பதினாறு வருடத்தில் அவள் லீவு எடுத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. எடுத்து எங்கே போவது? அவளுக்கென்று இருக்கிற ஒரே சொந்தம் அண்ணன். அந்த அண்ணனும் இரண்டு வருடமாக அதே இல்லத்தில், கீழ்த்தளத்தில், ஒன்பதாம் அறையில்.

அதனால் கரண்ட் போனதும் அவள் கால் தானாக ஒன்பதாம் அறைக்குத்தான் ஓடியது. அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். முப்பது வருடப் புகையும் தூசியும் சேர்ந்து நுரையீரலைப் பாழாக்கிவிட்டன. கட்டிலோரம் இருக்கிற ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. மெஷினோ கரண்டில் ஓடுவது. இவள் போய்ச் சேரும்போது அது கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நர்ஸம்மா அதற்குள் குழாயைக் கழற்றி, கட்டிலுக்கடியில் இருந்த சின்ன சிலிண்டரில் மாட்டிவிட்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் வரும் நர்ஸம்மா?"

நர்ஸம்மா சிலிண்டர் முள்ளைப் பார்த்தாள். "ஒரு மணி நேரம். அவரு வாயை மூடிட்டு இருந்தா இன்னும் பத்து நிமிஷம் கூட."

"முப்பது வருஷம்... உள்ள போ உள்ள போன்னு... கத்தினவன்," என்றார் அண்ணன், மூன்று தவணையாக. "இப்ப வந்து... வாயை மூடுன்னா?"

"அண்ணே, சும்மா இருங்க." ஸ்டோரக்கா அவர் தோளை அழுத்திவிட்டு நர்ஸம்மா பக்கம் திரும்பினாள். "பெரிய சிலிண்டர் ரெண்டு இருக்கே, தனி ரூம்ல?"

"இருக்கு. அதைத்தான் எடுத்துட்டு வரணும். சாவி குடுங்க."

"என்ன சாவி?"

"ஆக்சிஜன் ரூம் சாவி. உங்ககிட்டதானே இருக்கு?"

"என்கிட்ட எப்படி இருக்கும்?"

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. ஸ்டோரக்காவும் ஒரு சோப்புக்கட்டி காணாமல் போனாலே தூக்கம் வராதவள். அப்படி ஒரு சாவியைத் தன் வாழ்நாளில் கையால் தொட்டதாக அவளுக்கு நினைவில்லை.

மேலே கேட்பதற்குள் நடையில் கரண்டி வந்து நின்றார். கையில் சிவப்பு ஃபைல். ஆபீஸ் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கும் 'அவசரகாலத் திட்டம்' என்கிற ஃபைல். அது தொங்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அதை யாரும் இறக்கிப் பார்த்து ஸ்டோரக்கா கண்டதில்லை.

"அக்கா, காலைக் கஞ்சிக்கு என்ன உத்தரவு?" என்றார் கரண்டி.

"என்னைக் கேட்டா? உங்க மாஸ்டரைக் கேளுங்க."

"மாஸ்டர் வரலையே. அவர் வரலைன்னா நீங்கதான்." ஃபைலைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார். உள்ளே கட்டம் போட்ட தாள். 'சேவை: சமையல். பொறுப்பாளர்: தலைமைச் சமையற்காரர். அவர் இல்லையெனில்: ஸ்டோரக்கா.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வைக்கிற ரசத்தை அவள் அண்ணனே குடிக்க மாட்டார். "யாரோ விளையாடியிருக்காங்க. போங்க, போய் ரொட்டியை எடுத்து வைங்க," என்றாள்.

"சாமான் ரூம் பூட்டியிருக்கே. சாவி உங்ககிட்ட."

அதற்குள் ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாட்ச்மேன் வந்தார். "அம்மா, ஜெனரேட்டர் கொட்டாய் சாவி குடுங்க. தண்ணி மூணாவது படிக்கு வந்துடுச்சு. இன்னும் ரெண்டு படிதான் பாக்கி. மெஷின் நனைஞ்சா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

ஸ்டோரக்கா ஃபைலைப் பிடுங்கிக்கொண்டாள். ஜெனரேட்டர்: பொறுப்பாளர் எலக்ட்ரீஷியன், அவர் இல்லையெனில் ஸ்டோரக்கா. தண்ணீர்: பிளம்பர், இல்லையெனில் ஸ்டோரக்கா. மருந்து, ஆக்சிஜன், வண்டி, சுத்தம், வாசல் காவல், உறவினருக்குத் தகவல். தாளைத் திருப்பத் திருப்ப அவள்தான். வண்டிக்குமா? சைக்கிளே ஓட்டத் தெரியாதவள் அவள். பத்தாவது தாளில், நிர்வாகம்: மேனேஜர், அவர் இல்லையெனில் ஸ்டோரக்கா. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'பயிற்சி பெற்றேன், பொறுப்பை ஏற்கிறேன்' என்று அச்சடித்த வரி. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து. கள்ளக் கையெழுத்து இல்லை. அவளுடையதேதான், அந்தக் கடைசிச் சுழி உட்பட.

பதினொன்றாவது தாள் மட்டும் வேறு மாதிரி. 'ஸ்டோர்: பொறுப்பாளர் ஸ்டோரக்கா. அவர் இல்லையெனில்:' என்ற இடத்தில் மேனேஜர் தன் கையால் எழுதியிருந்தார்: 'அவர் எப்போதும் இருப்பார்.'

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு. இதை எப்போது படித்தாள்? எப்போது கையெழுத்துப் போட்டாள்?

எப்போது போட்டாள் என்பதை நான் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் பரிசோதனைக்கு வந்த அதிகாரிகள் ஒவ்வொரு பிரிவுத் தலைவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "நீங்க வரலைன்னா இந்த வேலையை யார் பார்ப்பாங்க?" ஒருவருக்கும் பதில் இல்லை. ஒரு வாரத்துக்குள் மாற்று ஆள் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த இல்லத்தில் எந்தக் காகிதமும் தனியாகப் பயணம் செய்யாது. சாமான் கேட்டு ஸ்டோருக்கு வருகிற சீட்டுக் கட்டோடு சேர்ந்துதான் வரும். ஸ்டோரக்கா ஒரு நாளைக்கு நாற்பது சீட்டில் கையெழுத்துப் போடுகிறவள். இரண்டு துடைப்பம், கையெழுத்து. பன்னிரண்டு தலையணை உறை, கையெழுத்து. பொறுப்பை ஏற்கிறேன், கையெழுத்து. எந்தச் சீட்டைத்தான் படித்துப் பார்த்தாள்?

ஆனால் பத்து பேரும் எப்படி ஒரே பெயரை எழுதினார்கள் என்பதுதான் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆபீஸ் போனில் மேனேஜரைப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

"சார், என்ன சார் இது, எல்லாத்துலயும் என் பேரு?"

"அதான் ஃபைல்ல இருக்கே. தைரியமா பண்ணுங்க. இப்ப நீங்கதான் மேனேஜர்."

"சார், எனக்கு ஜெனரேட்டர் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னுகூடத் தெரியாது சார்."

"பயிற்சி பெற்றேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"சார், சாவியெல்லாம் எங்க?"

"கவர்ல போட்டு உங்களுக்குத்தானே அனுப்பி வெச்சோம்..." அதோடு லைன் போய்விட்டது. மறுபடி போட்டால் போன் ஊமை.

மணி ஏழு நாற்பது. சிலிண்டருக்கு இன்னும் அரை மணி நேரம்தான்.

கவர் என்றதும் அவளுக்கு ஒரு அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. ஸ்டோரில் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எந்த இடத்திலும் சேராததற்கு மேல் தட்டில் ஒரு பெட்டி உண்டு. சீட்டுக் கட்டோடு வந்த பழுப்பு உறைகளை என்னவென்று பிரித்துப் பார்க்காமல் அதில்தான் எறிந்திருந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியை இறக்கினாள். ஆறு உறைகள் இருந்தன. தடவிப் பார்த்தால் உள்ளே சாவி.

இந்த இடத்தில் அவள் ஒரு நிமிடம் நிதானித்திருக்க வேண்டும். நிதானிக்கவில்லை. அண்ணனின் முள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற ஒன்றைத் தவிர அவள் மண்டையில் வேறு எதுவும் இல்லை. பரபரவென்று ஆறு உறைகளையும் கிழித்து மேஜையில் கொட்டினாள். சாவிகள் ஒன்றோடொன்று கலந்து விழுந்தன. எல்லாம் ஒரே கம்பெனிப் பூட்டின் சாவி, ஒரே நிறம், ஒரே நீளம். சாவியில் பெயர் எழுதினால் திருடனுக்கு வசதி என்று எழுதக் கூடாதென்பது மேனேஜரின் கட்டளை. எது எதற்கு என்பதை உறையின் மேல்தான் எழுதியிருந்தார்கள். கிழித்த பிறகுதான் அதைக் கண்டாள்.

"ஐயோ, என் கையை உடைச்சுப் போட," என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"என்னக்கா பண்றது?" என்றார் பின்னால் நின்ற கரண்டி. பிறகு, சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் சொல்லித்தான் மாஸ்டரு உங்க பேரை எழுதினாரு. என் தங்கச்சி பேரைப் போடுங்க, அவ ஒருத்திதான் விட்டுட்டு ஓடமாட்டான்னு சொன்னாராம்," என்றார்.

"யாரு? எங்க அண்ணனா?"

"எலக்ட்ரீஷியன்கிட்டயும் அவருதாம்மா சொன்னாரு," என்றார் வாட்ச்மேன். "நான் பக்கத்துல நின்னேன். மூக்குக் குழாயோட ஒன்பதாம் ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்கார்ந்துக்கிட்டு, போற வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாரு. ஒரு வாரம் இதே வேலை."

ஸ்டோரக்கா திருதிருவென்று விழித்தாள். அண்ணன் கிண்டல்காரர்தான். அவள் தட்டில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். ஆனால் இது கிண்டலில் சேருமா? ஒரு வாரம் மெனக்கெட்டு, பேசினாலே மூச்சு வாங்குகிற மனிதர், பத்து பேரிடம் போய்த் தங்கச்சியின் தலையில் பத்து வேலையைக் கட்டுவானேன்? கோபம் வந்தது. ஏன் என்று ஓடிப்போய்க் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் அவர் பேசுவார். பேசினால் பத்து நிமிடம் குறையும். பல்லைக் கடித்துக்கொண்டு சாவிகளை அள்ளினாள்.

முதலில் ஆக்சிஜன் அறை. நாலாவது சாவிக்குத் திறந்தது. பெரிய சிலிண்டர்கள் இரண்டும் சுவரோரம் சங்கிலியில் நின்றன. இரண்டின் கழுத்திலும் அட்டை கட்டியிருந்தது: 'காலி. நிரப்ப அனுப்பவும்.' நிரப்புகிறவர்கள் மழையில் மூன்று நாளாக வரவில்லை. அப்படி வராமல் போனால் இன்னொரு இடத்துக்குச் சொல்லி வரவழைக்க வேண்டியவர் யார்? ஃபைலைப் பார்க்காமலே தெரிந்தது. அவள்தான்.

இரண்டு மாதமாகத் தன் பெயரில் இருந்த வேலை. தெரிந்திருந்தால் செய்திருப்பாளே! சோப்பு தீரும் முன் சோப்பு வாங்கி வைப்பவள், மூச்சு தீரும் முன் மூச்சு வாங்கி வைத்திருக்க மாட்டாளா? சுவரில் சாய்ந்து ஒரு கணம் கண்ணை மூடினாள். அழ நேரமில்லாததால் அழவில்லை.

"இனிமே ஜெனரேட்டர்தான்," என்றாள் நர்ஸம்மா, வாசலில் எட்டிப் பார்த்து. "முள்ளு பாதிக்குக் கீழ வந்துடுச்சு."

அவர்கள் கொட்டகைக்குக் கிளம்பும்போது மாடியிலிருந்து ஒரு ஆயா கத்தினாள்: "ஸ்டோரக்கா! மாடி ரூம்ல மழை ஒழுகுது, கட்டிலை நகர்த்தலாமா?" கரண்டி மறுபடி கஞ்சி என்றார். நர்ஸம்மா, மருந்து அலமாரியைத் திறந்தால் எட்டு மணி மாத்திரை கொடுக்கலாம் என்றாள். ஆளாளுக்கு அவள் முகத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கட்டிலை நகர்த்த அந்த ஆயாவுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகக் கஞ்சி காய்ச்சுகிறவர் கரண்டி. எந்தக் கிழவருக்கு எந்த மாத்திரை என்பது நர்ஸம்மாவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எல்லாம் தெரிந்தவர்கள் எல்லாம் தெரியாதவளிடம் வந்து உத்தரவுக்காக நிற்கிறார்கள்.

"கரண்டி, மாஸ்டர் இல்லாதப்ப கஞ்சி வெச்சதே இல்லையா நீங்க?"

"தினமும் நான்தான் வைக்கறேன். ஆனா பேரு உங்க பேராச்சே. நாளைக்கு ஒண்ணுன்னா?"

அவளுக்குச் சுரீரென்று வந்தது. ஃபைலைச் சுவரில் வைத்து, இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்து, சமையல் தாளில் தன் பெயரை இழுத்து அடித்தாள். மேலே 'கரண்டி' என்று எழுதினாள். அவருடைய நிஜப் பெயர் அவசரத்துக்கு ஞாபகம் வரவில்லை. மருந்திலும் ஆக்சிஜனிலும் அடித்து 'நர்ஸம்மா'. சுத்தம், தண்ணீர், உறவினருக்குத் தகவல் எல்லாவற்றிலும் அடித்து ஆயாக்கள். ஆளுக்கு ஒரு சாவியைக் கையில் திணித்தாள். "எது திறக்குதோ அதைத் திறங்க. திறக்கலைன்னா மாத்திக்குங்க. இனிமே என்னை எதுவும் கேக்காதீங்க!" ஆச்சரியம் என்னவென்றால், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பெயரைப் பார்த்ததும் கரண்டியின் முதுகு நிமிர்ந்தது. நடை மடமடவென்று காலியானது.

வாட்ச்மேனும் அவளும் முழங்கால் தண்ணீரில் கொட்டகைக்குப் போனார்கள். மிச்சமிருந்த சாவிகளில் இரண்டாவதற்குக் கதவு திறந்தது. உள்ளே ஜெனரேட்டர் எருமை மாதிரி படுத்திருந்தது. அவளுக்குத் தெரிந்த பட்டன் ஒன்றுதான், பச்சை. அழுத்தினாள். கர்ர் என்றது, அடங்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி கர்ர். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் செல்லில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"ஆண்டவா, இது ஏன் கிளம்ப மாட்டேங்குது?"

"அந்தச் சிவப்புக் குமிழைத் திருப்பி வெளிய இழுக்கணும்மா," என்றார் வாட்ச்மேன் அமைதியாக. "அவரு போறப்ப அதை அழுத்திட்டுத்தான் போவாரு. அப்புறம் டீசல் வால்வு, கீழ, இடது பக்கம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இது தெரியுமா?"

"ஒன்பது வருஷமா இதுக்கு எதிர்லதானே நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். அவரு பண்றதை தினமும் பார்க்கறேன்ல."

"அப்ப ஏன் இவ்ளோ நேரம் சொல்லலை?"

"என் பேரு இல்லையேம்மா."

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. ஈரக் கையால் ஃபைலைத் திறந்து, ஜெனரேட்டர், வாசல் காவல், வண்டி மூன்று தாளிலும் தன் பெயரை அடித்து 'வாட்ச்மேன்' என்று எழுதி, ஜெனரேட்டர் தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் அதை ஒரு தரம் வாய்விட்டு வாசித்தார். பிறகு குனிந்து வால்வைத் திருப்பினார், குமிழை இழுத்தார், பச்சையை அழுத்தினார். எருமை எழுந்தது.

எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தால் ஒன்பதாம் அறை இன்னும் இருட்டாகவே இருந்தது. ஜெனரேட்டர் கரண்ட் எல்லா அறைக்கும் வராது; எலக்ட்ரீஷியன் இருந்தால் பெட்டியில் என்னவோ மாற்றிவிடுவார். நேராக வருவது சாப்பாட்டுக் கூடத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த பிளக்குகளுக்கு மட்டும்தான். அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டர் முள் அடியில் படுத்துவிட்டது. அவர் இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றி, தோளை ஏற்றி ஏற்றி மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுத் தயாராக நின்றாள்.

"தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு..."

நர்ஸம்மா நாற்காலியைத் தள்ள, ஸ்டோரக்கா மெஷினை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பது தப்படிதான் இருக்கும் அந்த நடை. பதினாறு வருடத்தில் அவள் அதில் எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பாள், அன்றைக்கு அது முடியவே இல்லை. கூடத்தில் முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நனைத்த ரொட்டி கையிலேயே நிற்க எல்லாரும் பார்த்தார்கள். அவள் பிளக்கைச் செருகினாள். முதல் தடவை உள்ளே போகவில்லை. இரண்டாவது தடவை போயிற்று. மெஷின் ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓட ஆரம்பித்தது.

அண்ணனின் தோள் இறங்குவதற்கு ஏழெட்டு நிமிடம் பிடித்தது. அதுவரை அவள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதட்டில் மெதுவாக நிறம் வந்ததும்தான் தன் புடவை முழங்கால் வரை சேறு என்பதைக் கண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். செத்துப்போயிருப்பார். தான் கொட்டகையில் பச்சைப் பட்டனோடு மல்லுக்கு நின்ற நேரம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் போயிருப்பார்.

நர்ஸம்மா மாத்திரை கொடுக்கப் போனதும் அவள் அண்ணனைப் பார்த்தாள். அடங்கியிருந்த கோபம் மேலே வந்தது.

"எதுக்கு அண்ணே அப்படிப் பண்ணீங்க? பத்து பேருகிட்ட போய் என் பேரை எழுதச் சொன்னீங்களாமே. உங்க மூச்சுக்கே உலை வெச்சிருச்சே அது!"

அவர் அவள் மடியில் கிடந்த சிவப்பு ஃபைலைக் கையை நீட்டிக் கேட்டார். ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். அடித்தது, அடித்தது, அடித்தது. அவர் முகம் விழுந்தது. சிலிண்டர் தீர்ந்தபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும்... அடிச்சிட்டியாடி?"

"பின்னே? எனக்குத் தெரிஞ்ச வேலையா அது?"

"அடிக்காம... இருந்திருக்கலாம்."

"ஏன்னு சொல்லுங்க. பைத்தியம் பிடிக்குது எனக்கு."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். பிறகு விட்டு விட்டு, டிக்கெட் கிழிப்பது போல, ஒவ்வொரு துண்டாகச் சொன்னார். "மேனேஜரு... வாசல்ல நின்னு போன்ல பேசினாரு. நான் தூங்கறேன்னு நெனச்சு. ஸ்டோரை மூடப் போறாங்க. சாமானெல்லாம்... கம்பெனியே நேரா கொண்டாந்து குடுத்துடுமாம். ஆளு வேணாமாம். அந்தப் பின்பக்க ரூமையும்... காலி பண்ணணுமாம்."

அவளுக்கு அவர் சொல்வது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. "எந்த ஸ்டோரு?" என்று கேட்டாள்.

"எத்தனை ஸ்டோரு இருக்கு இங்க?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டி யாருக்கோ இன்னொரு ரொட்டி வேண்டுமா என்று அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வாரம்தான்... இந்த ஃபாரம் வந்துச்சு," என்றார் அண்ணன். "ஒரு எடத்துல பேரு இருந்தா அடிச்சிடுவாங்க. பத்து எடத்துல இருந்தா... யாரு கை வைப்பா? அதிகாரிங்க பார்த்த ஃபைலு வேற. எனக்கு ஒண்ணுன்னா உனக்கு ஒரு எடம் வேணாமா? நான் என்னிக்கு இருந்தாலும் போறவன். நீ எங்கடி போவே?"

அண்ணன் மூச்சைச் செலவழித்துச் செலவழித்து அவளுக்காக ஒரு கூரை கட்டியிருக்கிறார். அதை அவள் இன்று காலையில், ஒரு பேனாவால், தன் கையாலேயே பிரித்துப் போட்டிருக்கிறாள். பிரிக்காமல் இருந்திருந்தால் அவர் இப்போது எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டார். எது சரி, எது தப்பு என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, கூடத்தில் முப்பது பேர் பார்க்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதாள்.

"நிர்வாகம் மட்டும்... அடிக்காம விட்டிருக்கே," என்றார் அவர், கடைசித் தாளுக்கு முந்தின தாளைத் தடவியபடி. குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "அது ஒண்ணு போதும். அதைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

ஆபீஸ் போன் உயிர் பெற்று அடிக்கிற சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் நர்ஸம்மா கூடத்து வாசலுக்கு வந்தாள்.

"ஸ்டோரக்கா, மேனேஜர் லைன்ல இருக்காரு. அதிகாரிங்களும் பக்கத்துல இருக்காங்களாம். பொறுப்புல இருக்கறவங்க உடனே வந்து பேசணுமாம்."

"போ, போ," என்று அண்ணன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். "நல்ல நேரம். எல்லாத்தையும் நான்தான் பண்ணேன்னு சொல்லு. தைரியமா சொல்லு. போடி!"

அவள் எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினாள். தள்ளின அந்த முயற்சியிலேயே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. மூக்குக் குழாய் ஒரு பக்கம் நழுவித் தொங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி உட்கார்ந்து குழாயைச் சரியாக மாட்டிவிட்டாள். ஃபைலை அவர் கையிலிருந்து வாங்கி, பேனாவை எடுத்து, பத்தாவது தாளிலும் தன் பெயரை அடித்தாள். அண்ணன் "ஏய்" என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்களே பேசுங்க நர்ஸம்மா, உங்க பேரை எழுதிட்டேன்," என்றாள். "ஸ்டோரக்கா எங்கேன்னு கேட்டா, அவங்க அண்ணன்கிட்ட உக்காந்திருக்காங்க, இப்ப வரமாட்டாங்கன்னு சொல்லுங்க."